இரு பள்ளிவாசல்களுக்கு இடையே ஒரு வெயில் வழி

கட்டடக் கலையைப் பற்றி எழுதுவோருள் பலர் கட்டடத்தின் முன்னே நின்றுகொண்டு எழுதுகின்றனர். வாயிலின் உயரம், குவிமாடத்தின் வளைவு, தூண்களின் எண்ணிக்கை ஆகியவை அவர்தம் எழுத்தில் தவறாது இடம்பெறும். அவ்விடத்துக்கு மனிதர் எவ்வழியே வந்து சேர்கிறார், எத்தகைய வெயிலைக் கடந்து வருகிறார், வந்தவருக்கு முதலில் கிடைப்பது யாது என்பனவற்றை அவ்வெழுத்தில் காண்பது அரிது. அரண்மனையையும் கோட்டையையும் பற்றிய எழுத்தாயின் இக்குறையைப் பொறுத்துக் கொள்ளலாம். வழிபாட்டு இல்லத்தைப் பற்றிய எழுத்தில் அதனைப் பொறுத்தல் இயலாது. இறைவேண்டலுக்கென எழுப்பப்பட்ட இல்லம் களைத்த கால்களோடு வருபவரை எண்ணி எழுப்பப்பட்டதன்றோ? ஆகவே வந்தவர் நடந்த வழியும் அதன் பொருளில் ஒரு பகுதியாகிறது.

இக்கருத்தை உரசிப் பார்க்க ஏற்ற உரைகல் கெய்ரோ மாநகர். எகிப்தின் தலைநகராகிய அது முழுமையான பாலைநிலத்து நகரம். ஆண்டு முழுவதும் அங்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 25 மில்லிமீட்டர்தான். கோடையில் பகல் வெப்பம் சராசரியாக 35 பாகை செல்சியசை எட்டும். வசந்த காலத்தில் 'கம்சீன்' எனும் மணற்காற்று வந்து வானத்தையே மங்கச் செய்யும். நைல் ஆறு இல்லையேல் அந்நகர் இல்லை. அந்நகரின் பழைய பகுதியில், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளியில், இசுலாமியக் கட்டடக் கலையின் இரு பெரும் படைப்புகள் நிற்கின்றன. ஒன்று கி.பி. 879இல் முடிக்கப்பெற்ற இப்னு தூலூன் பள்ளிவாசல். மற்றது 1356இல் தொடங்கப்பெற்ற சுல்தான் ஹசன் பள்ளிவாசல். இரண்டையும் இணைப்பது 'சலீபா' எனும் பழைய தெரு. நின்று நிதானித்து நடந்தாலும் அரைமணிக்குள் கடந்துவிடலாம். ஆயினும் அந்த அரைமணிக்குள் கிட்டத்தட்ட ஐந்து நூற்றாண்டுகளைக் கடந்து விடுகிறோம்.

பிற சமயத்தாரின் தொழுகை இல்லத்தைத் திறனாயும் தகுதி நமக்கு உண்டா என வாசகர் சிலர் வினவக்கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' எனும் அறிக்கை, இசுலாமியரைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று தெளிவாகக் கூறியது. மதிப்போடு நோக்குதல் என்பது மேலோட்டமாகப் புகழ்ந்துவிட்டு நகர்தலாகாது. ஒருவரின் கைவினையை உண்மையாக மதிப்பவர் அதன் நிறையையும் குறையையும் பொறுமையுடன் ஆராய்வார். அந்த மனநிலையோடே இவ்வழியில் நடக்க முற்படுவோம்.

செங்கல்லின் அடக்கம்

அகமது இப்னு தூலூன் துருக்கிய அடிமை ஒருவரின் மகன். 868இல் அப்பாசியக் கலீபாவின் சார்பில் எகிப்தை ஆள வந்தவர், சில ஆண்டுகளில் ஏறக்குறையத் தன்னாட்சி பெற்ற வேந்தராகவே ஆகிவிட்டார். தமக்கென அல்-கத்தாயி எனும் புதிய நகரை அமைத்தார். அந்நகரின் நடுவே, யஷ்கூர் எனும் பாறைக்குன்றின் மேல், 876 முதல் 879 வரை இப்பள்ளிவாசலை எழுப்பினார். 905இல் அப்பாசியப் படை திரும்பி வந்து அந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கியது. அரண்மனை போயிற்று, அங்காடி போயிற்று, பள்ளிவாசல் மட்டும் எஞ்சியது.

எஞ்சியதன் தன்மை யாது? ஒரு பக்கம் ஏறத்தாழ 162 மீட்டர் நீளமுள்ள பெரும் சதுரம். அதனுள் ஏறத்தாழ 92 மீட்டர் அளவுள்ள திறந்த முற்றம். முற்றத்தின் மூன்று பக்கங்களில் இரட்டை வரிசையாகவும், மக்காவை நோக்கிய கிப்லாப் பக்கத்தில் ஐந்து வரிசையாகவும் நிழல் தாழ்வாரங்கள். கட்டுமானம் முழுவதும் செங்கல். அதன் மேல் சுண்ணச்சாந்துப் பூச்சு. பூச்சில் செதுக்கிய கொடிவேலை. வளைவுகளைத் தாங்குபவை கனத்த செங்கல் தூண்சுவர்கள். அவற்றின் நான்கு மூலைகளிலும் மெல்லிய அரைத்தூண்கள் செங்கல்லாலேயே ஆக்கப்பட்டுள்ளன. பளிங்கின் பளபளப்பு அங்கு மிகக் குறைவு.

இதனைக் காண்போர் 'எளிமை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றனர். அச்சொல் போதாது. பள்ளிவாசலுக்கும் அதன் வெளிமதிலுக்கும் இடையே மூன்று பக்கங்களில் 'சியாதா' எனப்படும் வெற்றுவெளி ஒன்று உண்டு. தெருவின் இரைச்சல் அவ்வெளியில் தேய்ந்து போகிறது. வெயிலில் நடந்து வந்தவர் தெருவிலிருந்து நேரே தொழுகையிடத்துக்குள் விழுவதில்லை. வெளிமதிலைக் கடந்து, அமைதியான வெளியைக் கடந்து, பிறகே தாழ்வாரத்தின் நிழலை அடைகிறார். நிழலுக்குள் நின்றபடி முற்றத்தின் வெண்ணிற ஒளியைப் பார்க்கும்போது, சற்றுமுன் தம்மை வாட்டிய அதே வெயில் இப்போது அழகாகத் தெரிகிறது. வெயிலை விரட்டாமல் அதற்கோர் இடம் வகுத்து, மனிதனுக்கும் அதற்கும் இடையே அளவான தொலைவை ஏற்படுத்தியமையே இக்கட்டடத்தின் முதற்பெரும் சாதனை எனலாம்.

மூன்று குறைகளும் ஒரு கதையும்

இப்பள்ளிவாசலைத் திறனாயும் முயற்சி அது கட்டி முடிக்கப்பட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது. மக்கள் என்ன பேசுகின்றனர் எனக் கேட்டுவர இப்னு தூலூன் ஆள் அனுப்பினார் எனவும், அவர்கள் மூன்று குறைகளைச் சொன்னதாக அறிந்தார் எனவும் எகிப்திய வரலாற்றாசிரியர் அல்-மக்ரீசி குறித்துள்ளார். மிஹ்ராப் மாடம் சிறிது, தூண்கள் இல்லை, ஒளு செய்ய இடமில்லை என்பனவே அக்குறைகள். தூண்களைப் பற்றி ஆட்சியாளர் தந்ததாகச் சொல்லப்படும் விடை நம் சிந்தனைக்குரியது. நேரிய வழியில் கிடைத்த பொருளைக் கொண்டே இதனைக் கட்டினோம். தூண்கள் வேண்டுமாயின் அவை வேறு பள்ளிவாசலிலிருந்தோ கிறிஸ்தவ ஆலயத்திலிருந்தோதான் வரவேண்டும். அதற்கு நாம் உடன்படவில்லை என்பதே அவ்விடையின் சாரம்.

இதனோடு தொடர்புடைய கதை ஒன்றைப் பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-பலவி சொல்கிறார். இப்னு தூலூனுக்காக நீர்வழிப் பாலம் ஒன்றைக் கட்டியவர் ஒரு கிறிஸ்தவக் கட்டடக் கலைஞர். அதனைப் பார்வையிட ஆட்சியாளர் வந்தபோது, ஈரம் காயாத சாந்தில் அவருடைய குதிரை கால் இடறியது. சூழ்ச்சி என ஐயுற்ற அவர், அக்கலைஞரைக் கசையால் அடிப்பித்துச் சிறையில் இட்டார். பின்னர்ப் பள்ளிவாசல் கட்டும் எண்ணம் எழுந்தது. அதற்கு 300 தூண்கள் தேவைப்படும், அத்தனையையும் ஆலயங்களைக் கலைத்துத்தான் பெறமுடியும் என்று சொல்லப்பட்டபோது அவர் மனம் தயங்கியது. செய்தி சிறைக்குள் எட்டியது. மிஹ்ராபின் அருகே நிற்கும் இரண்டைத் தவிர வேறு தூண்களே இல்லாமல் கட்டித் தருகிறேன் என்று அக்கலைஞர் எழுதி அனுப்பினார், தோலில் மாதிரி வரைந்து காட்டினார், விடுதலையும் பெற்றார்.

உள்ளத்தைத் தொடும் கதை. ஆயினும் திறனாய்வாளர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இப்னு தூலூன் இளமையில் வாழ்ந்தது ஈராக்கின் சமர்ரா நகரில். அங்கும் பெரும் பள்ளிவாசல்கள் செங்கல்லாலேயே எழுந்தன. அபூ துலஃப் பள்ளிவாசலின் வளைவுகளைச் செங்கல் தூண்சுவர்களே தாங்குகின்றன. சுருள்வழியாக ஏறும் மினாராவின் முன்மாதிரியும் அங்கேயே உள்ளது. இக்கட்டடங்களை அங்குலம் அங்குலமாக அளந்து எழுதிய ஆங்கிலேய அறிஞர் கிரெஸ்வெல் இவ்வொற்றுமையை விரிவாக நிறுவியுள்ளார். அன்றியும், தீயில் பளிங்குத் தூண்கள் நில்லா, செங்கல்லும் சுண்ணாம்பும் நிற்கும் என்ற காரணமும் பழைய நூல்களிலேயே காணப்படுகிறது. மிஹ்ராபின் இருமருங்கும் இன்று நிற்கும் பளிங்குத் தூண்களின் தலைப்பகுதிகளோ பைசாந்தியக் கைவேலை. ஆக, தூண் இல்லாமைக்குக் கிறிஸ்தவக் கலைஞரின் கதை மட்டுமே காரணமென்று அடித்துச் சொல்ல இயலாது.

எனினும் அக்கதையைத் தூக்கி எறிவது அறிவுடைமையாகாது. ஒரு சமூகம் தன் தொழுகை இல்லத்தைப் பற்றி எதனைச் சொல்லிப் பெருமைப்படுகிறது என்பதும் வரலாறே. அண்டை வீட்டாரின் ஆலயத்தைக் கலைக்காமல் கட்டினோம் எனச் சொல்லிக்கொள்வதைக் கெய்ரோவின் இசுலாமிய வரலாற்றாசிரியர்கள் ஒரு புகழாகக் கருதினர். இதற்கு எதிரான வழக்கமும் அதே நகரில் உண்டு. 1291இல் அக்கா நகரைச் சுல்தான் அல்-அஷ்ரஃப் கலீல் கைப்பற்றியபின், அங்கிருந்த கோதிக் பாணி ஆலயம் ஒன்றின் பளிங்கு வாயில் கெய்ரோவுக்குக் கொண்டுவரப்பட்டது. சுல்தான் அல்-நாசிர் முகமதின் மதரசாவுக்கு இன்றும் அதுவே வாயிலாக நிற்கிறது. இதனைச் சுட்டும் விரல் நம்மையும் சுட்ட வேண்டும். ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபாவின் பெரும் பள்ளிவாசல் 1236இல் பேராலயமாக ஆக்கப்பட்டதும், 16ஆம் நூற்றாண்டில் அதன் தூண்காட்டின் நடுவே ஆலயமொன்று புகுத்தப்பட்டதும் வரலாறு அறிந்தவையே. வென்றவர் தோற்றவரின் கல்லைத் தூக்கிச் செல்வது எச்சமயத்துக்கும் புதிதன்று. எடுக்காமல் விட்டதைப் புகழும் கதைதான் அரிது; அதனால்தான் அது போற்றத்தக்கது.

அப்பள்ளிவாசலின் பிற்கால வாழ்வும் இக்கதைக்குப் பொருந்தியே அமைந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த பயணி இப்னு ஜுபைர் 1183இல் அதனைக் கண்டபோது, மேற்கு நாடுகளிலிருந்து வந்த வழிப்போக்கர்கள் தங்கும் இடமாக அது இருந்தது. அவர்களுக்குச் சலாகுதீன் மாதப்படியும் வழங்கி வந்தார். பின்னர் அது பாழடைந்தது. 1293இல் அல்-அஷ்ரஃப் கலீலைக் கொன்றவர்களுள் ஒருவராகிய லாஜீன், உயிருக்கு அஞ்சி அப்பாழிடத்தில் ஒளிந்திருந்தார். உயிர் பிழைத்தால் இதனைப் புதுப்பிப்பேன் என நேர்ந்துகொண்டார்; 1296இல் சுல்தானாகி அதனை நிறைவேற்றினார். முற்றத்து நடுவே நிற்கும் குவிமாட மண்டபம் அவர் அமைத்தது. 19ஆம் நூற்றாண்டில் அதன் வளைவுகளுக்கிடையே சுவர் எழுப்பி, ஏழைகளும் முதியோரும் தங்கும் விடுதியாக்கினர். வழிப்போக்கன், கொலைப்பழி சுமந்தவன், நோயாளி, முதியவன் என யாவரையும் தாங்கிய அத்தாழ்வாரங்களின் அடக்கமான அளவு தற்செயலானதன்று. மனிதனைச் சிறுமைப்படுத்தாத கட்டடத்தில்தான் சிறியவன் தயங்காமல் நுழைகிறான்.

தண்ணீரும் எழுத்தும்

பள்ளிவாசலை விட்டுச் சலீபா தெருவில் கிழக்கு நோக்கி நடந்தால், கலை நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் பகுதி வருகிறது. நம் கருத்தில் இப்பகுதியே இவ்வழியின் இதயம்.

தெருவின் ஒரு திருப்பத்தில் 'உம்மு அப்பாஸ்' எனும் தண்ணீர் இல்லம் நிற்கிறது. 1867இல் அரச குடும்பத்துத் தாயொருவரின் கொடையால் எழுந்தது அது. அதனைக் கடந்தால், ஷைகூ எனும் மம்லூக் தளபதி 1349இல் கட்டிய பள்ளிவாசலும், 1355இல் கட்டிய சூஃபித் துறவியர் இல்லமும் தெருவின் இருபுறமும் நின்று ஒன்றையொன்று நோக்குகின்றன. இரண்டுக்கும் ஒரே தோற்றம், ஒத்த மினாராக்கள். அண்ணனும் தம்பியும் வாயிற்படியில் நின்று வழிப்போக்கரை வரவேற்பது போன்ற காட்சி. சற்றே மேற்செல்ல, சுல்தான் காயித்பே 1479இல் அமைத்த 'சபீல்-குத்தாப்' வருகிறது. பள்ளிவாசல் எதனோடும் ஒட்டாமல் தனித்து நிற்குமாறு கெய்ரோவில் கட்டப்பட்டவற்றுள் இதுவே முதலாவது எனக் கருதப்படுகிறது.

சபீல் என்பதை நம் வழக்கில் தண்ணீர்ப்பந்தல் எனலாம். பந்தல் கோடையோடு அவிழ்க்கப்படும். சபீலோ கல்லால் ஆனது, நிலையானது. கீழ்த்தளத்துக்கு அடியில் பெரிய நிலவறைத் தொட்டி. நைல் பெருக்கெடுக்கும் பருவத்தில் தோற்பைகளில் நிரப்பிய நீரை ஒட்டகங்கள் சுமந்துவரும், தொட்டி நிறையும். அங்கிருந்து இறைத்த நீர், நெளிநெளியாகச் செதுக்கிய சாய்ந்த பளிங்குப் பலகையின் மேல் வழிந்து குளிர்ந்து இறங்கும். வெண்கலக் கம்பிவலையின் வழியே கிண்ணத்தில் ஊற்றி வழிப்போக்கருக்குத் தருவர். விலை இல்லை. மேல்தளத்தில் அனாதைச் சிறுவர் எழுத்துப் பயிலும் பள்ளி. அதனைத் திறந்த சாளரங்களோடு அமைத்தமையால் காற்றும் வரும்; சிறுவர் ஓதும் ஒலி தெருவிலும் கேட்கும். நீரை அளிப்பவனின் ஊதியமும், ஆசிரியரின் ஊதியமும், சிறுவரின் உணவும் உடையும் வக்ஃபு எனும் அறக்கட்டளையின் வருவாயிலிருந்து வழங்கப்பட்டன.

கீழே தாகத்துக்கு நீர், மேலே அறியாமைக்கு எழுத்து. இத்தனை சிறிய கட்டடத்தில் இத்தனை தெளிவான இறையியலை வேறெங்கும் காண்பது அரிது. சிறியோர் ஒருவருக்குத் தரும் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் வீணாகாது என்று நம் ஆண்டவர் உரைத்ததை அறிந்த நமக்கு, இக்கட்டடத்தை விளக்கப் பிறர் தேவையில்லை. கண்ணுக்கு விருந்தாகும் அழகு சபீலில் உண்டு. வெண்கல வலையின் பின்னல், பளிங்கு விரிப்பு, பொன் தீட்டிய மரக்கூரை யாவும் பள்ளிவாசல்களுக்கு நிகரானவை. ஆனால் அவ்வழகைச் சுவைக்கும் முன்பே உதடு நனைந்துவிடுகிறது. கலை தாகத்துக்குப் பிறகு வருகிறது. இவ்வரிசை முறையே சரியானது என்போம்.

இன்று கெய்ரோவில் நீர் குழாய் வழியே வருகிறது. பல சபீல்கள் வாயடைத்துப் பழம்பொருள்களாக நிற்கின்றன. அவை பயனற்றுப் போனதைக் குறித்து வருந்தும் எழுத்துகள் உண்டு. வீட்டிலேயே நீர் கிடைப்பது நல்லதுதான். ஆயினும் பாலையின் தெருவில் நடப்பவர் தாகத்தை இன்று யார் பொறுப்பேற்கிறார் என்னும் கேள்வி, அடைபட்ட ஒவ்வொரு வெண்கல வலையின் பின்னாலும் நிற்கிறது.

கல்லின் பெருமிதம்

சலீபா தெரு முடியும் இடத்தில் வானம் திடீரென விரிகிறது. எதிரே குன்றின் மேல் 1176இல் சலாகுதீன் தொடங்கிய கோட்டை. இடப்புறம், மலையொன்றை வெட்டி நிறுத்தியது போலச் சுல்தான் ஹசன் பள்ளிவாசல். நீளம் ஏறத்தாழ 150 மீட்டர். சுவரின் உயரம் 36 மீட்டர். வாயிலோ அதனினும் உயரம். மினாரா ஒன்று 80 மீட்டருக்கும் மேல். நெடுஞ்சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் ஆழ்ந்த பள்ளங்களில் சாளரங்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. வெயில் நகர நகர அப்பள்ளங்களில் நிழல் கோடுகள் இடம் மாறுகின்றன. கல்லால் ஆன சுவர் உயிருள்ளது போல் தோன்றுகிறது.

உள்ளே நுழையும் முறை இப்னு தூலூனுக்கு நேர்மாறானது. பேருயர வாயிலின் கீழ் மனிதன் எறும்பாகிறான். இருண்ட முன்மண்டபம் வருகிறது; பிறகு வளைந்து வளைந்து செல்லும் குளிர்ந்த இடைவழி. கண் வெயிலை மறக்கிறது, உடல் ஆறுகிறது. இருள் போதும் என எண்ணும் நேரத்தில் ஒளி நிறைந்த முற்றம் திறக்கிறது. நடுவே ஒளு செய்யும் நீர்மண்டபம். நான்கு திசைகளிலும் விண்ணை வளைத்துப் பிடித்தாற்போல நான்கு பெரும் வளைவுக் கூடங்கள். அவற்றில் நெடுஞ்சங்கிலிகளில் தொங்கும் விளக்குகள். மூலைகளில் சன்னி இசுலாத்தின் நான்கு சட்ட நெறிகளுக்கும் நான்கு மதரசாக்கள். இருளிலிருந்து ஒளிக்கு நடத்திச் செல்லும் இக்கலைத்திறம் உலகக் கட்டடக் கலையின் உச்சங்களுள் ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் இக்கல்லுக்கு ஒரு விலை உண்டு. அதனைச் சொல்லாத திறனாய்வு நேர்மையற்றது. 1348இல் கொள்ளைநோய் கெய்ரோவைத் தாக்கியது. குடும்பம் குடும்பமாக மக்கள் மாண்டனர். வாரிசற்றோரின் சொத்துகள் அரசின் கருவூலத்தில் குவிந்தன. இப்பெருங்கட்டடத்துக்குப் பணம் கிடைத்த வழிகளுள் அதுவும் ஒன்று என வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். மூன்று ஆண்டுகள் நாள்தோறும் 20,000 திர்ஹம் செலவாயிற்று என அல்-மக்ரீசி எழுதுகிறார். 1361இல் வாயிலின் மேல் எழுந்துகொண்டிருந்த மினாரா சரிந்து விழுந்தது. அங்கே பயின்ற அனாதைச் சிறுவர் உட்பட ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். சில வாரங்களுக்குள் சுல்தானும் தம் தளபதி யல்புகாவின் கிளர்ச்சியில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. அவர் உடல் கிடைக்கவேயில்லை.

அவர் தமக்கென அமைத்த கல்லறை மண்டபம், வழக்கத்துக்கு மாறாக, கிப்லாச் சுவரின் நேர்ப்பின்னே உள்ளது. தொழுவோர் மக்காவை நோக்கும்போது, இடையே அக்கல்லறையையும் நோக்குமாறு அது அமைந்தது. அங்கே அவருடைய புதல்வர் அடங்கினர், அவர் அடங்கவில்லை. தம் நினைவை இறைவேண்டலின் பாதையில் நிறுத்த விரும்பியவருக்கு வெற்றிடமே எஞ்சியது. பின்னாளில் கிளர்ச்சியாளர் இதன் கூரையிலேறிக் கோட்டையைத் தாக்கினர். அதனால் சுல்தான் பர்கூக் மினாராக்களுக்குச் செல்லும் படிகளை இடிக்கச் செய்தார். இதன் வெண்கலக் கதவைச் சுல்தான் அல்-முஅய்யத் எடுத்துச் சென்று தம் பள்ளிவாசலில் பொருத்திக்கொண்டார். தூண்களை எடுக்காத கதை தெருவின் ஒரு முனையில். கதவை இழந்த கதை மறுமுனையில்.

எதனை வைத்து அளப்பது?

எளிய அறம் ஒன்றைச் சொல்லி இங்கே முடித்துவிடலாம். எளிமையே நன்று, ஆடம்பரம் தீது என்று தீர்ப்பெழுதுவது கடினமன்று. அத்தீர்ப்பு நியாயமாகாது. இப்னு தூலூனும் இரக்கமே உருவானவர் அல்லர். அக்கதையில் கலைஞரைக் கசையால் அடிப்பித்தவர் அவரே. சுல்தான் ஹசனின் மதரசாக்களிலும் ஏழை மாணவர் உண்டு உறங்கிக் கற்றனர். அனாதைச் சிறுவருக்கென அறக்கட்டளை இருந்ததனால்தான் அச்சிறுவர் அன்று அங்கிருந்தனர். நல்லெண்ணமும் பெருமிதமும் ஒரே கல்லில் கலந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் உளி நம்மிடம் இல்லை.

எனவே நாம் இவ்வாறு வகுத்துச் சொல்வோம். கலைப்படைப்பு என்ற வகையில் சுல்தான் ஹசன் பள்ளிவாசலே மேலானது. ஒளியையும் இருளையும் அது கையாளும் திறத்துக்கு இப்னு தூலூனின் தாழ்வாரங்கள் ஈடாகா. தொழுகை இல்லம் என்ற வகையில் இப்னு தூலூன் பள்ளிவாசலுக்கே முதலிடம் தருவோம். கட்டியவர் பெயரை அது தாங்கினாலும், கட்டியவரை நினைக்குமாறு அங்கு எதுவும் நம்மை வற்புறுத்துவதில்லை. ஒன்று மனிதனைப் பார்த்து, நீ எவ்வளவு சிறியவன் என உணர்த்துகிறது. மற்றது, வந்து நிழலில் இரு என்கிறது. இரண்டுமே இறைமுன் நிற்பவனுக்குத் தேவையான உணர்வுகள்தாம். வெயிலில் நடந்து வந்தவனுக்கோ இரண்டாவதே முதலில் தேவை.

சுல்தான் ஹசனுக்கு எதிரே, குறுகிய இடைவெளி விட்டு, ரிஃபாயி பள்ளிவாசல் நிற்கிறது. 1869இல் தொடங்கி 1912இல்தான் முடிந்தது. பழைய கட்டடத்தின் உயரத்துக்கும் பருமனுக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்பதே அதன் வேட்கை. அரச குடும்பத்தார் அங்கே அடங்கியுள்ளனர். நாடிழந்து 1980இல் மறைந்த ஈரானின் கடைசி மன்னரும் அங்கேயே அடங்கியுள்ளார். பெருமைக்குப் பெருமை போட்டியிட்டு எழுந்த அவ்விரு நெடுஞ்சுவர்களுக்கும் இடையே கல் பாவிய வழி ஒன்று உள்ளது. பக்கத்துச் சுவர்களின் நிழல் அவ்வழியில் விழுகிறது. காற்று அங்கு விரைந்து வீசுகிறது. கோட்டைச் சதுக்கத்தின் வெயிலிலிருந்து தப்பி வருவோர் அங்கே சற்று நிற்பர். இரு சுவர்களையும் எழுப்பிய அரச குடும்பங்களின் ஆட்சி மறைந்துவிட்டது. அவர்கள் திட்டமிடாத அந்நிழல் மட்டும் யாரென்று கேளாமல் எல்லாருக்கும் கிடைக்கிறது.

வழிபாட்டு இல்லம் எழுப்புவோர் எச்சமயத்தவராயினும், கோபுரத்தின் உயரத்தைக் கணக்கிடும் முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். இதற்கான பணம் எங்கிருந்து வந்தது? எவருடைய கல்லை நாம் எடுத்தோம், எவருடையதை எடுக்காமல் விட்டோம்? நடந்து வருபவருக்கு நிழல் எங்கே, நீர் எங்கே? நம் நினைவு இறைவேண்டலின் பாதையில் குறுக்கே நிற்கிறதா? கெய்ரோவின் அந்த ஒரு கிலோமீட்டர் வழியில் இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டடம் விடையாக நிற்கிறது. அவ்விடைகளுள் நம் மனத்தில் நெடுநாள் தங்குவது, இரு பெரும் பள்ளிவாசல்களுக்கும் நடுவே தெருவோரத்தில் நிற்கும் அச்சிறிய தண்ணீர் இல்லமே.